ஆர்வி எடுத்துக்கொண்டு போகிறோம், ராத்திரி எங்கே நிறுத்துவது?

தாமிரபரணி (மார்ச் 8)

வணக்கம். நாங்கள் கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் இருக்கிறோம். பொங்கல் முடிந்து அப்பாவும் அம்மாவும் நெல்லையிலிருந்து வந்திருக்கிறார்கள். அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது முழங்கால் வலி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாத்ரூம் போயாக வேண்டும். மோட்டல் மோட்டலாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரை அலைய வைக்க மனசு வரவில்லை. ஏப்ரல் ஸ்பிரிங் பிரேக்குக்கு 25 அடி கிளாஸ் சி ஆர்வி ஒன்றை, அதாவது படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டியை, வாடகைக்குப் பேசியிருக்கிறேன். போவது கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு. அங்கே மேதர் கேம்ப்கிரவுண்டில் இரண்டு ராத்திரிக்கு இடம் கிடைத்துவிட்டது.

எனக்கு இரண்டு சந்தேகம். வண்டியை முதல் நாள் மாலையே எடுத்து வந்து சாமான் ஏற்ற வேண்டும். எங்கள் கம்யூனிட்டியில் எச்.ஓ.ஏ. என்கிற வீட்டுச் சொந்தக்காரர் சங்கம் உண்டு. வாசலில் ஒரு ராத்திரி நிறுத்தினால் பிரச்சினை வருமா? அப்புறம், போக இரண்டு ராத்திரி, வர இரண்டு ராத்திரி வழியில் எங்காவது தூங்கியாக வேண்டும். வால்மார்ட்டில் நிறுத்தலாம் என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார். வயசானவர்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு அப்படிச் செய்யலாமா?

மல்லிகை

தம்பி, முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இதில் சூடு பட்டவள் நான்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வண்டியைக் கொண்டுவந்து வீட்டு முன்னால் நிறுத்தினோம். விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவதாகத் திட்டம். அரிசி மூட்டையையும் குக்கரையும் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்து போட்டோ எடுத்துவிட்டுப் போனார். ஊர் திரும்பியபோது அபராதக் கடிதம் காத்துக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் கம்யூனிட்டி விதிகளை முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். ஏற்றி இறக்க 24 மணி நேரம் அனுமதி உண்டு, ஆனால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும் என்று தெளிவாகவே போட்டிருந்தது. ஒரு மின்னஞ்சலில் முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

அதனால் நீங்கள் இன்றைக்கே எழுதிவிடுங்கள். எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, வண்டி எத்தனை அடி என்று மூன்றையும் குறிப்பிடுங்கள். பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இப்போது நான் அப்படித்தான் செய்கிறேன். எதிர்வீட்டுப் பெரியவர் தன் காரை வேறு இடத்தில் நிறுத்திக்கொண்டு எனக்கு வழி விடுகிறார்.

கம்யூனிட்டிக்கு வெளியே, பொதுத் தெருவில் விடலாம் என்று நினைத்தால் கவனம். ஒரே இடத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் நிற்கும் வண்டியை ஊர் நிர்வாகம் இழுத்துக்கொண்டு போகக் கலிபோர்னியா சட்டம் இடம் கொடுக்கிறது. அதை வைத்துக்கொண்டு மூன்று நாள் நிம்மதி என்று கணக்குப் போட முடியாது, பெரிய வண்டிகளுக்கென்று பல ஊர்கள் தனி விதி வைத்திருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவில் 22 அடிக்கு மேல் நீளமோ 7 அடிக்கு மேல் உயரமோ உள்ள வண்டிகளுக்கு நகரம் முழுக்க இரண்டு மணி நேர வரம்பு வைத்து 2025 ஜூலையில் தீர்மானம் போட்டார்கள். உங்கள் வண்டி இரண்டு கணக்கிலும் அடிபடும்.

கொங்குக்காரன்

வால்மார்ட் பற்றி. ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தலாம் என்று பேர். இப்போது அந்தந்தக் கடை மேனேஜர் கையில் இருக்கிறது, அவருக்கு மேல் அந்த ஊர்ச் சட்டம் இருக்கிறது. கலிபோர்னியாவில் நகரங்களுக்குள் பெரும்பாலும் விடுவதில்லை. ஊரை விட்டுத் தள்ளி, ஹைவே ஓரக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். சாயங்காலம் ஐந்து மணிக்குள் போன் பண்ணிக் கேளுங்கள், ராத்திரி ஷிப்டில் எடுப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

சரி என்று சொன்னால் ஓரமாக, கடை வாசலுக்குத் தூரமாக நிறுத்துங்கள். ஸ்லைடை, அதாவது பக்கவாட்டில் நீளும் அறையை, வெளியே தள்ளாதீர்கள், நாற்காலி போடாதீர்கள், ஜாக்கியைத் தாரில் ஊன்றாதீர்கள். வெயிலில் இளகின தாரில் அது குழி விழுத்தும். அதைப் பார்த்தபிறகுதான் பல கடைகள் வேண்டவே வேண்டாம் என்று பலகை வைத்தன. பால், முட்டை, தண்ணீர் எதுவானாலும் அந்தக் கடையிலேயே வாங்குங்கள். ஒரே ராத்திரி, விடிந்ததும் கிளம்பிவிட வேண்டும்.

சியாட்டில் மழை

ஹைவே ரெஸ்ட் ஏரியாவை மறந்துவிட்டீர்களே? கேம்ப்பிங்தான் கூடாது. களைப்பாக இருக்கிறவர் வண்டிக்குள்ளேயே தூங்கலாம்.

கொங்குக்காரன்

உண்மைதான், ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவிலும் உங்கள் வாஷிங்டனிலும் 8 மணி நேரம், ஓரிகானில் 12, டெக்சாஸில் 24. ஃப்ளோரிடாவில் வெறும் 3 மணி நேரம்தான். அப்புறம், ராத்திரி முழுக்க லாரி இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு ஒரு நாளும் அங்கே தூக்கம் பிடித்ததில்லை.

பாலைநடை

பன்னிரண்டு வருஷமாகச் சொந்த வண்டி வைத்திருக்கிறேன். கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வருஷம் கடலோரமாக ஒரு சின்ன ஊர். இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தோம். பீச்சுக்கு மேலே காலியான பார்க்கிங், அலைச் சத்தம், மூன்று கார்தான் நின்றன. பலகை எதுவும் கண்ணில் படவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கதவில் டம் டம் என்று தட்டு. ஜன்னல் திரை வழியாக டார்ச் வெளிச்சம் உள்ளே பாய்கிறது. மகளுக்கு அப்போது நாலு வயசு. மேல் பெர்த்தில் எழுந்து உட்கார்ந்து, அழக்கூடத் தோன்றாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த போலீஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார். ஊருக்குள் நுழையும் இடத்திலேயே பலகை இருக்கிறது, ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை வண்டியில் தூங்கக் கூடாது என்றார். அந்த நேரத்தில் மலைப்பாதையில் நாற்பது மைல் ஓட்டினேன். கண் எரிச்சலோடு வளைவுக்கு வளைவு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போன அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

பலகை பார்க்கிங்கில் இருக்கும் என்று நான் நினைத்தது தப்பு. பல ஊர்களில் எல்லையில் ஒரே ஒரு பலகை, ஊர் முழுக்கச் செல்லும். ஹைவே 1இல் பிக் சர் பக்கம் போனீர்களானால் ஒதுங்கும் இடத்துக்கெல்லாம் ராத்திரித் தடை. அந்தப் பக்கம் போகிற யோசனை இருந்தால் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

அன்றையிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மூன்று மணிக்குமேல் புது ஊரைத் தேட மாட்டேன். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்து, அங்கே ஒரு மனிதரைக் கண்டுபிடித்து நேரில் கேட்பேன். ஆப்பில் "இங்கே தூங்கலாம்" என்று யாரோ இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதியதை நம்பிப் போவதில்லை. அப்படி எழுதி எழுதியே கூட்டம் சேர்ந்து, குப்பை சேர்ந்து, கடைசியில் கேட் போட்டுப் பூட்டிய இடங்கள் எனக்கே நாலைந்து தெரியும்.

இங்கே யாரும் சொல்லாத ஒன்று, கவுன்டி ஃபேர்கிரவுண்ட். நம் ஊர்த் திருவிழாப் பொட்டல் மாதிரி, வருஷத்துக்கு ஒரு தடவை கண்காட்சி நடக்கும் மைதானம். மற்ற நாளில் சும்மா கிடக்கும். பல இடங்களில் கரண்ட், தண்ணீர் இணைப்போடு ஆர்விக்கு இடம் விடுகிறார்கள். கேம்ப்கிரவுண்டை விடக் கட்டணம் குறைச்சல். அழகு இருக்காது, ஆனால் கேட் இருக்கும், காவலுக்கு ஆள் இருப்பார், கழிவு இறக்க டம்ப் ஸ்டேஷனும் சில இடங்களில் உண்டு. அதே மாதிரி கேன்சஸ், நெப்ராஸ்கா பக்கம் போகிறவர்கள் சின்ன ஊர்ப் பூங்காக்களை விசாரியுங்கள். ஊரே ராத்திரி தங்க இடம் விடுகிறது, உண்டியலில் நம்மால் முடிந்ததைப் போட வேண்டியதுதான். வருகிறவர்கள் தங்கினால் டீசல் போடுவார்கள், காலையில் கடையில் சாப்பிடுவார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

உங்கள் வழியில் டெஹாச்சப்பி மலை தாண்டினால் மொஹாவி பாலைவனம். பி.எல்.எம். என்கிற மத்திய அரசு நிலத்தில் பொதுவாக 28 நாளில் 14 நாள் வரை காசில்லாமல் தங்கலாம். தண்ணீர் கிடையாது, கரண்ட் கிடையாது, குப்பைத் தொட்டி கிடையாது. ஏற்கெனவே வண்டிகள் நின்று தரை இறுகிப்போன இடத்தில் மட்டும் நிறுத்துங்கள், மணலில் இறக்கினால் சக்கரம் புதையும்.

வன்னி ட்ரக்

வணக்கம் தம்பி. நான் ரொறன்ரோவில் இருந்து கலிபோர்னியாவுக்கு ட்ரக் ஓடுகிறவன். ஒரு வேண்டுகோள் வைக்கத்தான் வந்தேன்.

ட்ரக் ஸ்டாப்பில் எங்கட நீளமான இடங்களில் ஆர்வியை விடாதேங்கோ. அமெரிக்காவில் 11 மணித்தியாலம் ஓடினால் 10 மணித்தியாலம் ஓய்வு எடுத்தே ஆகவேணும், சட்டம். நேரம் முடிந்த பிறகு இடமில்லை என்றால் எங்களுக்குப் போக வழியில்லை. இரவு எட்டு மணிக்குப் பிறகு எங்கே போனாலும் நிரம்பி வழியும். 2009இல் ஜேசன் ரிவன்பர்க் என்ற சாரதி, பால் இறக்கப் போன இடத்தில் நேரத்துக்கு முதலே உள்ளே விடவில்லை என்று கைவிடப்பட்ட பெற்றோல் நிலையம் ஒன்றில் ட்ரக்கை நிறுத்திப் படுத்திருந்தார். ஏழு டொலருக்காகச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அவருடைய மனைவி விடாமல் போராடி, 2012இல் ஜேசன் பெயரிலேயே ட்ரக் நிறுத்துமிடங்களுக்கான சட்டம் வந்தது. நாங்கள் எல்லோரும் அந்தப் பெயரை அறிவோம்.

சில ட்ரக் ஸ்டாப்புகளில் ஆர்விக்கு என்று தனி இடம் உண்டு, காசு கட்டி முன்பதிவு செய்யலாம். கவுண்டரில் கேட்டால் வடிவாகச் சொல்லுவினம். அப்பா அம்மாவோடு சுகமாய்ப் போட்டு வாங்கோ.

தாமிரபரணி

அண்ணா, இது எனக்குத் தெரியாது. காலி இடம் பெரிதாக இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். கட்டாயம் மனசில் வைத்துக்கொள்கிறேன்.

வடக்குவாசல்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நீங்கள் எல்லோரும் நிறுத்த இடம் தேடுகிறீர்கள். நான் மறுபக்கத்தில் இருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஆறு மாதமாக எட்டு ஆர்வி வரிசையாக நிற்கிறது. ராத்திரி ஜெனரேட்டர் சத்தம். நடைபாதையில் மெத்தை, டயர். போன வாரம் வடிகாலில் கழிவு ஊற்றியிருந்தார்கள், அந்த நாற்றம் மூன்று நாள் போகவில்லை. என் மகன் அந்த வழியாகத்தான் பள்ளிக்கு நடக்கிறான். எங்கள் கம்யூனிட்டி குழுமத்தில் எல்லோருமே கொதித்துப்போய் இருக்கிறோம். ராத்திரி பார்க்கிங்கை அடியோடு தடை செய்தால் என்ன தப்பு?

ஈரநிலம்

வடக்குவாசல், உங்கள் கோபம் நியாயம். வடிகாலில் ஊற்றுவது நேராக வளைகுடாவில் போய்ச் சேரும், அதை யாரும் ஆதரிக்க முடியாது. ஆனால் அந்த வரிசையில் இருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். உங்கள் தெரு இல்லை, என் ஆபீஸ் பக்கத்துத் தெரு.

எங்கள் ஆபீஸ் கேன்டீனில் சமைக்கிறவர். நான் மத்தியானம் சாப்பிடும் சோற்றை வடிக்கிறவர் என்றே சொல்லலாம். ஒரு நாள் சீக்கிரம் போனபோது, பழைய ஆர்வி ஒன்றின் கதவைத் திறந்துகொண்டு கேன்டீன் சட்டையோடு இறங்கினார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். படிக்கட்டில் கால்மிதி, அதன்மேல் இரண்டு ஜோடி குழந்தைச் செருப்பு ஒழுங்காக அடுக்கியிருந்தது. அப்புறம் பழக்கமாகி அவரே சொன்னார். வாடகை ஏறியபோது வீட்டை விட்டுவிட்டு இந்த வண்டிக்கு வந்தவர். வேலை இங்கே, பிள்ளைகளின் பள்ளி இங்கே, மலிவான ஊருக்குப் போனால் இரண்டும் போய்விடும். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன்னால் வண்டியைச் சுற்றிப் பெருக்கிவிட்டுத்தான் போகிறார். யாராவது புகார் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் அவரை விட்டுப் போனதே இல்லை.

தடை போட்டால் என்ன ஆகும் என்று மவுன்டன் வியூ ஊரைப் பார்த்தாலே தெரியும். 40 அடியோ அதற்குக் குறைவோ அகலம் உள்ள தெருக்களில் பெரிய வண்டி நிற்கக் கூடாது என்று 2020இல் வாக்கெடுப்பில் ஜெயித்தார்கள். அதன்மேல் வழக்கு வந்து 2022இல் சமரசத்தில் முடிந்தது. வண்டிகள் மறைந்துவிடவில்லை, அகலமான தெருக்களுக்கு நகர்ந்தன. 2024 ஜூனில் கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் பொது இடத்தில் படுப்பதற்கு ஊர்கள் தண்டனை விதிக்கலாம் என்று சொன்ன பிறகு, அடுத்த ஊருக்குத் தள்ளிவிடுவது இன்னும் எளிதாகிவிட்டது.

ஆனால் அதே மவுன்டன் வியூவில் 'சேஃப் பார்க்கிங்' இடங்களும் நடக்கின்றன. சான்டா பார்பராவில் 2004 முதலே உண்டு. சர்ச், அரசு அலுவலகம் போன்றவற்றின் பார்க்கிங்கை ராத்திரிக்குத் திறந்துவிடுகிறார்கள். கழிப்பறை உண்டு. வீடு கிடைக்க உதவும் ஆட்களும் வருகிறார்கள். கழிவு ஏன் வடிகாலுக்குப் போகிறது என்று யோசியுங்கள். டம்ப் ஸ்டேஷன் தூரத்தில், போகக் காசு, போய் வருவதற்குள் நிறுத்தின இடம் போய்விடும், பாதி வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. வாரம் ஒரு தடவை தொட்டியைக் காலி செய்கிற லாரி தெருவுக்கே வந்தால் உங்கள் புகாரில் பாதி அன்றைக்கே தீர்ந்துவிடும்.

வடக்குவாசல்

கழிவு லாரி விஷயம் எனக்குத் தோன்றவில்லை. அடுத்த நகரசபைக் கூட்டத்தில் எங்கள் குழுமத்தின் பெயரில் அதைக் கேட்கலாம். மகனைத் தனியாக அனுப்புகிற பயம் எனக்கு இன்னும் போகவில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

மல்லிகை

நானும் அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். தேதி போடுங்கள்.

சியாட்டில் மழை

தாமிரபரணிக்கு ஒன்று. ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ் என்று ஒரு சந்தா இருக்கிறது. பண்ணை, ஒயின் தோட்டம் வைத்திருப்பவர்கள் ஒரு ராத்திரி தங்க விடுவார்கள், நாம் அவர்களிடம் ஏதாவது வாங்க வேண்டும். வண்டிக்குள்ளேயே கழிப்பறை இருப்பது கட்டாயம். நாங்கள் ஒரு ஆலிவ் பண்ணையில் தங்கினோம், நிம்மதியான தூக்கம். ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ்காரர்களே 2021இல் பூண்டாக்கர்ஸ் வெல்கம் என்பதையும் வாங்கிவிட்டார்கள். அதில் தனி வீட்டுக்காரர்கள் தங்கள் டிரைவ்வேயில் இடம் கொடுக்கிறார்கள்.

கொங்குக்காரன்

இன்னொன்று, பேட்டரி. மேதரில் கரண்ட் இணைப்பு கிடையாது. ஏப்ரலில் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகும், உயரம் ஏழாயிரம் அடி. ஹீட்டர் கேஸில்தான் எரிகிறது, பேட்டரி எதற்கு என்று நினைத்தேன். சூட்டைத் தள்ளுகிற விசிறி பேட்டரியில்தான் ஓடும். விடிகாலை மூன்று மணிக்கு கேஸ் அலாரம் கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது, கேஸ் கசிகிறது என்று பதறிப்போய் எல்லோரையும் போர்வையோடு வெளியே இறக்கினேன். கடைசியில் பார்த்தால் பேட்டரி இறங்கிப்போய் அலாரம் அழுதிருக்கிறது. சாயங்காலம் ஜெனரேட்டருக்கு அனுமதித்த நேரத்தில் ஓட்டி ஏற்றிக்கொள்ளுங்கள். மீட்டரில் 12.1 வோல்ட்டுக்குக் கீழே விடாதீர்கள். ஆனால் அலாரம் அடித்தால் முதலில் ஆட்களை இறக்குங்கள், காரணத்தை அப்புறம் பார்க்கலாம்.

தாமிரபரணி (ஏப்ரல் 19)

போய் வந்துவிட்டோம். உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் மறுபடி வந்தேன்.

எச்.ஓ.ஏ.வுக்கு எழுதினேன், மறுநாளே 24 மணி நேர அனுமதி வந்தது. முதல் ராத்திரி பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு முன்னால் ஒரு சின்ன ஊர் ஃபேர்கிரவுண்டில். நாலு மணிக்கே சேர்ந்துவிட்டோம். காவலுக்கு இருந்த அம்மாள் அப்பா கம்பு ஊன்றி நடப்பதைப் பார்த்துவிட்டு, கழிப்பறைக்குப் பக்கத்து இடத்துக்கு மாற்றிக் கொடுத்தார். டெஹாச்சப்பியில் அடித்த காற்றில் வண்டி ஆடிய ஆட்டம் ஒன்றுதான் பயமாக இருந்தது, நாற்பது மைல் வேகத்தில் ஊர்ந்தேன். இரண்டாம் ராத்திரி கிங்மேன் பக்கம் கடையில் கேட்டேன், முடியாது என்றார்கள், ஆனால் எங்கே போகலாம் என்று அவர்களே சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பும்போது நீடில்ஸ் தாண்டி பாலைவனத்தில் பி.எல்.எம். நிலம். எனக்கு உள்ளுக்குள் உதறல்தான். தூரத்தில் ரயில்பாதை. இருட்டியதும் சரக்கு ரயில் ஒன்று இன்ஜின் வெளிச்சத்தோடு வந்தது, பெட்டிக்கு மேல் பெட்டி வைத்து இரட்டை அடுக்கு. அப்பா வெளியே நாற்காலி போடச் சொன்னார். ஸ்வெட்டர், மஃப்ளர் எல்லாம் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார். நூற்றுப் பதினேழு வேகன். கடைசியில் கார்டு வண்டி இல்லாததைப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு யாருடா கொடி காட்டுறது?" என்று என்னைக் கேட்டார். பத்து மணி வரை நாலு ரயில் பார்த்தார். அம்மா கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

வண்டியைச் சமமாக நிறுத்த வாங்கின மஞ்சள் பிளாக் ஒரு செட் கராஜில் சும்மா கிடக்கிறது. மே மாதம் லாங் வீக்கெண்ட் போகிறவர்கள் யாராவது இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈரநிலம்

எனக்கு வேண்டும். சனிக்கிழமை வரலாமா?